நிலா ரசம்: நீண்ட எண்களை மனசுல நிறுத்தும் கலை

நம் இதழில் படிப்புப் பகுதிக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் குழு அக்கா மூணு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதை எழுதுவது என்று எனக்குள் யோசனையே ஓடவில்லை. கடைசியில், போன வருஷம் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையும் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

செமஸ்டர் விடுமுறை. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள், அம்மா ஜொகூரில் அக்கா வீட்டில். இரவு பதினொன்றரை இருக்கும். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டு அங்கிள் காரை எடுத்தார், நான் அப்பாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றினேன். கிளம்பின வேகத்தில் என் கைப்பேசி சார்ஜரில், அப்பாவுடைய பர்ஸ் அலமாரியில்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உடனே உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. என்னைப் பதிவு கவுண்டருக்கு அனுப்பினார்கள். முதல் கேள்வி: அப்பாவின் ஐ.சி. நம்பர் என்ன? தெரியாது. அப்பாவுக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்துப் போனது. அந்த மருந்தின் பெயரும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அங்கிள் தன் போனை நீட்டினார், "அம்மாவுக்கு அடி தம்பி." வாங்கி '01' வரைக்கும் அமுக்கினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அங்கிளிடம் இருந்தது அப்பாவின் நம்பர் மட்டும். அந்தப் போன் எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்தது.

அங்கிள் திரும்பிப் போய் பர்ஸையும் போனையும் எடுத்து வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு என்னென்ன எண்கள் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். நான் மின்பொறியியல் மாணவன். ஒளியின் வேகம் விநாடிக்கு 299792458 மீட்டர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெற்ற தாயின் பத்து இலக்கம் தெரியவில்லை.

அப்பா பிழைத்தார், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் இருந்தவரிடம் தாதி ஏதோ கேட்க, அம்மாவின் நம்பரை மடமடவென்று ஒப்பித்தார். மலாயில். "கோசோங், சத்து..." என்று ஒரு ராகமாக. பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசின காலத்து மனுஷர். அதையே தமிழில் சொல்லச் சொன்னால் தடுமாறுவார், நான் பிறகு சோதித்துப் பார்த்தேன். அவருக்கு அது எண் இல்லை, ஒரு மெட்டு. இப்படிப் பாட்டாகப் பதிவதும் நல்ல முறைதான், ஆனால் அதற்கு நூறு தடவை சொல்ல வேண்டும். நமக்கு யார் இப்போது நூறு தடவை டயல் செய்கிறோம்?

மூளை எவ்வளவு தாங்கும்?

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரை ஒன்று ரொம்பப் பிரபலம். ஒரே மூச்சில் நாம் நினைவில் பிடித்து வைக்கக்கூடியது சுமார் ஏழு உருப்படிகள், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றார். பிறகு வந்த ஆய்வாளர்கள் நாலுதான் என்று இன்னும் குறைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது 'உருப்படி' என்ற சொல். 1, 9, 5, 7 என்று பார்த்தால் நாலு உருப்படி. மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டு என்று பார்த்தால் ஒன்று.

இதன் எல்லை எதுவரை போகும் என்று எரிக்சன், சேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சாதாரணக் கல்லூரி மாணவரை வைத்துச் சோதித்தார்கள். 1980இல் முடிவு வெளியானது. ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல ஏழு இலக்கம்தான். 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தபின், ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களை வரிசை மாறாமல் சொன்னார். அவர் ஓட்டப் பந்தயக்காரர். கேட்ட எண்களை எல்லாம் ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். ஆனால் இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளைக் கொடுத்ததும் மறுபடி ஆறு, ஏழுக்கே இறங்கிவிட்டார். அதாவது அவருடைய மூளை பெரிதாகவில்லை. கையில் ஒரு முறை இருந்தது, அவ்வளவுதான். "எனக்கு ஞாபக சக்தி கம்மி" என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் இரண்டாவது தடவை படிக்கவும்.

நம் முன்னோர் செய்தது

எண்ணைச் சொல்லாக மாற்றுகிற முறை நம் நாட்டில் மிகப் பழையது. இரண்டு வழி இருந்தது. முதலாவது பூதசங்க்யை. கண் என்றால் 2, வேதம் என்றால் 4, ஆகாயம் என்றால் 0. கேரளத்துக் கணித மேதை சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 900000000000 அளவு விட்டம் உள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 2827433388233 என்று அவர் சொன்னதாக ஒரு செய்யுள் உண்டு. இலக்கங்கள் எல்லாம் இந்தப் பூதசங்க்யைச் சொற்களில். வகுத்துப் பாருங்கள், பையின் மதிப்பு 11 தசம இடம் வரைக்கும் சரியாக வரும்.

இரண்டாவது கடபயாதி. க, ட, ப, ய நாலும் 1. அங்கிருந்து வடமொழி எழுத்து வரிசையில் எண்ணிக்கொண்டே போக வேண்டும். சொல்லில் வரும் எண்களைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: 72 மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கிறது. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. மேசகல்யாணியில் மே 5, ச 6, திருப்பினால் 65. கல்யாணிக்கு முன்னால் அந்த 'மேச' வந்து ஒட்டிக்கொண்டது ஏன் என்று இப்போது புரியும். (சக்ரவாகம் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். கூட்டெழுத்தில் கடைசி எழுத்தைத்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 26 வரும், அது சாருகேசியின் எண். 'க்'கை எண்ணினால்தான் சரியான 16.)

குருவாயூரப்பன் மேல் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி பாடிய நாராயணீயத்தின் கடைசிச் சொற்கள் நீண்ட ஆயுளையும் நோயற்ற நல்வாழ்வையும் வேண்டும் ஒரு வாழ்த்து. அதையே கடபயாதியில் படித்தால் 1712210. கலியுகம் தொடங்கி அத்தனையாவது நாளில் நூலை முடித்தார் என்பது கணக்கு, கி.பி. 1586 வரும். வாழ்த்துக்குள் தேதி!

சரி, நாமும் இதையே பயன்படுத்தலாமே என்று உட்கார்ந்தேன். முட்டுச் சந்து. கடபயாதிக்கு நாலு வகை 'க' வேண்டும், நாலு வகை 'த' வேண்டும். தமிழில் தீரசங்கராபரணம் என்று எழுதினால் அந்தத் 'தீ' எந்தத் 'தீ'? வடமொழி உச்சரிப்பு தெரிந்தவர் 9 என்று எடுத்து 29 என்று சொல்வார். எழுத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது 6, கிடைப்பது 26.

அதனால் தமிழுக்கென்று ஒரு அட்டவணை செய்துகொண்டேன். நாம் பேசும் எண்ணுப் பெயரிலிருந்தே எழுத்தை எடுத்தேன், மறக்காது.

1: க. தமிழ் எண்ணில் ஒன்றை 'க' போலத்தான் எழுதுவோம்.
2: ர. ரெண்டு.
3: ம. மூணு.
4: ந, ன, ண. நாலு.
5: ச, ஞ. அஞ்சு. ஜ, ஸ, ஷ வந்தாலும் இதிலேயே.
6: ற. ஆறு. 'ற'வில் சொல் தொடங்காது என்பதால் துணைக்குத் 'த'.
7: ழ, ல, ள. ஏழு.
8: ட. எட்டு.
9: ப. ஒன்பது.
0: வ, ய. வட்டம் என்பதில் 'வ'. 'ய' மிச்சம் இருந்தது, சேர்த்துக்கொண்டேன்.

விதி இரண்டே இரண்டு. புள்ளி வைத்த எழுத்தையும் தனி உயிரெழுத்தையும் எண்ணக்கூடாது. மற்றதை இடமிருந்து வலமாக, எழுதியபடியே படிக்க வேண்டும். 'கா, கி, கு' எதுவானாலும் 'க'தான்.

சோதித்துப் பாருங்கள். தோசை: தோ 6, சை 5, ஆக 65. பாட்டி: பா 9, டி 8, ஆக 98. தாத்தா 66, மாமா 33, காக்கா 11, பாப்பா 99. ஒற்றை இலக்கம் வேண்டுமா? அக்கா 1, ஏரி 2, அம்மா 3, அண்ணா 4, ஊசி 5, ஆறு 6, எலி 7, ஆடு 8, அப்பா 9, ஆவி 0. அம்மா மூணு, அப்பா ஒன்பது என்று வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பூர் நண்பர்களுக்கு 1965 தோசை. நமக்கு 1957 சேலை, பாட்டி புதுச் சேலை கட்டிக்கொண்டு சுதந்திரம் பார்க்கப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் பெரிய மீன். பையின் முதல் 14 தசம இலக்கங்கள்: 14 15 92 65 35 89 79. சொற்கள்: கனி, காசு, பாரம், தோசை, மீசை, டப்பா, லாபம். கதை இதுதான். ஒருவன் கனி விற்றான். காசு சேர்ந்தது. பாக்கெட் பாரமாகிப் போச்சு. உட்கார்ந்து தோசை சாப்பிட்டான். சட்னி மீசையில் ஒட்டிக்கொண்டது. மீதி தோசையை டப்பாவில் கட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போய் லாபத்தை எண்ணினான். கண்ணை மூடி ஒரு தடவை அந்த மீசைக்காரனைப் பாருங்கள். கண்ணைத் திறந்து எழுதுங்கள். சமய வகுப்புத் தம்பி தங்கைகளிடம் இதைச் செய்து காட்டியபோது, பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரே தடவையில் சொன்னாள். பிறகு தானாகவே பின்னாலிருந்தும் சொன்னாள். நான் அதுவரை பின்னாலிருந்து முயற்சி செய்ததில்லை.

2015 மார்ச் 21 அன்று வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராஜ்வீர் மீனா என்ற மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பையின் 70,000 இலக்கங்களைச் சொல்லி கின்னஸ் சாதனை செய்தார். ஏறக்குறைய பத்து மணி நேரம். கைகூப்புகிறேன். ஆனால் எனக்கு 70,000 வேண்டாம். ஐந்து எண்கள் வேண்டும்: அம்மா, அப்பா, அக்கா போன் மூன்று, அம்மா அப்பா ஐ.சி. இரண்டு.

ஐ.சி. எண் நாம் நினைப்பது போல் கஷ்டமே இல்லை. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். பிறந்த நாளுக்கு கேக் வெட்டுகிறோமே, அதே தேதி. ஆண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. பேராக் 08, பினாங்கு 07, சிலாங்கூர் 10. என் அட்டவணையில் 08 வீடு. நாங்கள் பேராக்காரர்கள், எங்களுக்குப் பொருத்தம். 07 வேலன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினவர்களுக்கு மறக்குமா? 10 கோவில், பத்துமலை இருக்கும் மாநிலமாச்சே. (ஒரே மாநிலத்துக்கு வேறு குறியீடுகளும் உண்டு, உங்கள் வீட்டு அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கடைசி நாலுதான் உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் தப்பாகச் சொன்னால் பாதி நேரம் நாமே கண்டுபிடித்துவிடலாம். சிங்கப்பூரில் 1968 முதல் பிறந்தவர்களுக்கு ஏழு இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு.

அப்பாவின் உண்மை எண்ணை இங்கே போட முடியாது. கடைசி நாலு 4725 என்று வைத்துக்கொள்வோம். 47 நிலா, 25 ரசம். எங்கள் வீட்டு அடுப்பில் ரசம் கொதிக்கிறது, அதில் முழு நிலா மிதக்கிறது, அப்பா கரண்டியால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ரசம் ஊற்றிக்கொள்கிறார். படம் எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டும். 'நிலா அழகாக இருந்தது, ரசம் சுவையாக இருந்தது' என்று சாதுவாக நினைத்தால் ரெண்டு நாளில் போய்விடும்.

கைப்பேசி எண்ணில் '01' எல்லாருக்கும் பொது. மீதி எட்டு இலக்கம், நாலு சொல். 011 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு இலக்கம் கூடுதல், அதற்குத்தான் அக்காவும் ஏரியும். சிங்கப்பூர் எண் எட்டே இலக்கம்தான், நாலு சொல்லில் முடிந்தது.

எங்கே வைப்பது?

சொல் கிடைத்துவிட்டது, வரிசை மாறாமல் இருக்க என்ன செய்வது? பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் தெரிந்த ஒரு கட்டடத்துக்குள் மனதால் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு விஷயத்தை வைத்துவிட்டு வருவார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த கட்டடம் எங்கள் ஊர் முருகன் கோவில். கோபுரம், பலிபீடம், மயில், கொடிமரம், பிறகு பிள்ளையார். கண்ணை மூடினாலும் வரிசை தப்பாது. கோபுரத்தின்மேல் ஒரு மாடு ஏறி நிற்கிறது, 38. பலிபீடத்தில் தோசை, 65. மயில் சேலை கட்டியிருக்கிறது, 57.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "சாமி இருக்கிற இடத்துல கொண்டுபோய் போன் நம்பர மாட்டி வைக்கிறியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்தேன். இப்போது கருவறைக்கும் சந்நிதிகளுக்கும் போவதில்லை. கோவில் வாசலில் இருந்து வெளியே வருகிறேன்: செருப்பு வைக்கும் இடம், குழாயடி, பூக்கடை, பஸ் நிறுத்தம். சாமி கும்பிடும்போது சேலை கட்டிய மயில் நினைவுக்கு வந்து தொலைத்தது என்பதும் ஒரு காரணம், பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

மறக்காமல் வைத்திருப்பது

1885இல் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக நடக்கிறது, போகப் போக வேகம் குறைகிறது. ஆகையால் ஒரே ராத்திரியில் ஐம்பது தடவை எழுதுவது வீண். இன்று மூணு தடவை, நாளை ஒரு தடவை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. பார்த்துப் படிக்கக் கூடாது; மறைத்து வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது வரும் அந்தச் சின்ன அவஸ்தைதான் வேலை செய்கிறது.

வேதம் ஓதுகிறவர்கள் எழுதி வைக்காமல் இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியதும் வெறும் திரும்பத் திரும்பச் சொல்லி இல்லை. யுனெஸ்கோ 2003இல் அந்த மரபைச் சிறப்பித்து அறிவித்தது. ஜடை என்ற முறையில் சொற்களை 1-2, 2-1, 1-2 என்று பின்னுவார்கள், பிறகு 2-3, 3-2, 2-3. கனம் இன்னும் ஒரு படி மேலே: 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. ஒரு சொல் இடம் மாறினாலும் எங்கோ இடறும். மின்தொடர்பு வகுப்பில் பிழையைக் கண்டுபிடிக்க கூடுதல் பிட் அனுப்பச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அந்தப் பாடம் நடக்கும்போது ஜடை ஞாபகம்தான் வந்தது. ஐ.சி. எண்ணை மூன்று துண்டாக்கி (தேதி, மாநிலம், கடைசி நாலு) ஜடையில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் மனசுக்குள் சொல்லுங்கள், சத்தமாக வேண்டாம்.

சத்தம் என்றதும் ஒரு எச்சரிக்கை. வங்கி அட்டையின் பின் எண்ணுக்கு இந்த முறையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் 'நிலா ரசம்' என்று அட்டையின் பின்னால் எழுதி வைக்காதீர்கள். இந்த இதழைப் படித்த எவனும் திறந்துவிடுவான். அம்மா அப்பா எண்களுக்கு நீங்கள் செய்த படத்தையும் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள், சிரிப்பு வந்தாலும்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஒத்துக்கொள்ளாத அந்த மருந்தின் பெயரையும் ஒரு படமாக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று, "என் ஐ.சி. நம்பர் சொல்லு பார்ப்போம்" என்றார். சொன்னேன். "அம்மாவோடது?" சொன்னேன். "என்னோட கார் நம்பர்?" முழித்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரசம் ஊத்து" என்றார்.

படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி. மரம், மாடு, நத்தை, ரதம், நாமம். மீசைக்காரன் லாபத்தை எண்ணி முடித்ததும் வீட்டு வாசலில் பார்த்தவை இவை. பையின் அடுத்த பத்து இலக்கங்கள் அதற்குள் இருக்கின்றன. கதையை நீங்களே கட்டிக்கொண்டு அடுத்த முகாமுக்கு வாருங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லிப் பார்ப்போம்.